மாயேபூர் பக்கம் ஒரு நாள்: அப்பா அம்மாவோடு போக யோசனை சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் ஊரிலிருந்து அப்பா அம்மா மொரீஷியஸின் ரோஸ் ஹில் வருகிறார்கள். அப்பாவுக்கு பீச்சில் சும்மா உட்காரப் பிடிக்காது. பழைய கட்டடம், பறவை என்றால் விடியும் முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார். அதனால் மாயேபூர் இருக்கும் தென்கிழக்குக் கரைதான்.

முதலில் பாயிந்த் ஜெரோமிலிருந்து படகில் இல் ஓ ஸேக்ரெத் தீவு. 1990 வாக்கில் காட்டில் சுமார் பத்து மட்டுமே மிஞ்சியிருந்த இளஞ்சிவப்புப் புறா இப்போது அங்கே பறக்கிறது. அழிந்துபோன மொரீஷியஸ் ஆமைகளுக்குப் பதிலாகக் கொண்டுவந்து விட்ட அல்டாப்ரா ராட்சத ஆமைகளும் உண்டு. மதியம் மாயேபூர் அருங்காட்சியகம். 1810இல் பிரெஞ்சுக் கப்பற்படை ஆங்கிலேயரை வென்ற கிராண்ட் போர்ட் விரிகுடா பக்கத்திலேயே இருக்கிறது. நேரமிருந்தால் டச்சுக்காரர்கள் 1638இல் குடியேறிய வியே கிராண்ட் போர்ட்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. படகில் ஏறி இறங்க முடியுமா? தீவில் நடைபாதை கரடுமுரடா, நடுவே உட்கார இடம் இருக்கிறதா? போய் வந்த அக்கா, அண்ணன்மார் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை போனால் மாயேபூர் சந்தையும் பார்க்கலாம், ஆனால் கார் நிறுத்த இடம் கிடைக்குமா? அம்மா சுத்த சைவம். தால் பூரி தவிர வேறு என்ன கிடைக்கும்?