புதுப்பிப்பு: பனிப்புயலில் பாரிக்கு வடக்கே சிக்கியவர்களை அழைத்துவந்த விவரம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பாரி நகருக்கு வடக்கே, 400ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய கிளைச்சாலையில் காருடன் பனியில் சிக்கிய அத்தை குடும்பத்தாரை அழைத்துவர டொராண்டோவிலிருந்து உடனே புறப்படலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். அனைவரும் நலமாக வீடு வந்து சேர்ந்தனர். யோசனை கூறியவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது, "சாலை திறக்கும்வரை கிளம்பாதீர்கள்" என்ற யோசனைதான். ஹியூரான் ஏரியின் பகுதியான ஜார்ஜியன் விரிகுடாவின் உறையாத நீரிலிருந்து ஈரத்தை அள்ளிவரும் காற்று குறுகிய பட்டைகளாகவே பனியைக் கொட்டுகிறது என்பதால், ரேடார் படத்தில் அந்தப் பட்டை விலகி, சாலை நிலவரம் காட்டும் ஒன்டாரியோ 511 இணையதளத்தில் சாலை திறந்திருப்பதாகக் காட்டிய பிறகே புறப்பட்டு, பனியகற்றும் வண்டியை முந்தாமல் போதிய இடைவெளி விட்டு அதன் பின்னாலேயே சென்றேன்.

அதுவரை அத்தை வீட்டார், இங்கே ஒருவர் எழுதியதைத் தொலைபேசியில் கேட்டு, சைலன்சர் குழாயைச் சுற்றியிருந்த பனியைக் கையால் தோண்டி அகற்றிவிட்டு, மணிக்கு ஏறத்தாழ 10 நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டு, ஒரு சன்னலைச் சற்றே திறந்து வைத்திருந்தனர். குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உள்ளே புகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

எதிர்பாராத சிக்கல், என் காரின் எல்இடி முகப்பு விளக்குகள். பழைய ஹாலஜன் விளக்கைப் போல அவற்றின் கண்ணாடி சூடாவதில்லையாதலால் ஈரப்பனி அப்பிக்கொண்டு வெளிச்சமே மங்கிவிட்டது (பகலில் இது தெரியவே தெரியாது). வழியில் எரிபொருள் நிலையங்களில் நிறுத்தித் துடைக்க வேண்டியிருந்தது. மைனஸ் 40 பாகைவரை உறையாத கண்ணாடி கழுவும் திரவமும் நீளக்கைப்பிடித் தூரிகையும் இல்லாமல் இரவில் அந்தப் பக்கம் செல்ல வேண்டாம்.