இரட்சிப்பின் நிச்சயம்: உங்களிடம் யாராவது முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்களா?

தலவாக்கலைப் பேத்தி

அம்மாயி படுத்த படுக்கையாக இருந்த கடைசி வாரம் நடந்தது. ஆறுதல் வேண்டி எழுதவில்லை, எல்லாம் முடிந்து நாளாகிவிட்டது. சித்தி மகன் டவுனில் ஒரு சுயாதீன சபைக்குப் போகிறவன். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தான், கட்டில் அருகே உட்கார்ந்து ஜெபித்தான். அதுவரை நல்லதுதான். பிறகு கேட்டான்: "அம்மாயி, இன்று ராத்திரியே கர்த்தர் அழைத்தால் பரலோகம் போவீர்கள் என்ற நிச்சயம் உங்களுக்கு இருக்கிறதா?"

நாங்கள் பழைய அங்கிலிக்கன் குடும்பம். 1854இல், இலங்கையின் கோப்பித் தோட்டக் காலத்தில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் வழியாக வந்தவர்கள். எழுந்து நின்று சாட்சி சொல் என்றால் எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. இன்ன தேதியில் இரட்சிக்கப்பட்டேன் என்று சொல்ல அம்மாயியிடம் தேதி ஏது? அடையாள அட்டையில் இருக்கும் பிறந்த தேதியே யாரோ குத்துமதிப்பாகப் போட்டதுதான்.

தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார். "காலமெல்லாம் கொழுந்து நிறுத்தவள் நான். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு, கிலோ வரவில்லை என்று கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுவார், அரை நாள் சம்பளம்தான். ஆண்டவரும் தராசைத் தூக்கிக்கொண்டு நின்றால் எனக்கு அந்த அரைப்பேரும் கிடைக்காது. அவர் சிலுவையிலேயே முழுப்பேர் போட்டுவிட்டார் அப்பா. நீ தேத்தண்ணீர் குடித்தாயா?"

அவன் குடிக்கவில்லை. "அப்படியில்லை அம்மாயி, வாயினாலே அறிக்கை செய்ய வேண்டும்" என்று ரோமர் பத்தாம் அதிகாரத்தைத் திறந்து, அவன் சொல்லச் சொல்ல அவரைத் திருப்பிச் சொல்ல வைத்தான். நாக்கு வறண்டு, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். போகும்போது "இனிக் கவலையில்லை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். அம்மாயி முதலில் சொன்ன பதில் அவன் காதிலேயே விழவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பண்டாரவளை ஆசிரியர்

உங்கள் அம்மாயியின் பேச்சு அருமை. ஆனாலும் "முழுப்பேர் போட்டாயிற்று" என்று கத்தோலிக்கனான நான் சொல்லத் தயங்குவேன்.

என்னிடம் கேட்டது பாடசாலையில், இடைவேளையில். புதிதாக மாற்றலாகி வந்த சக ஆசிரியர். "சேர், நீங்கள் இரட்சிக்கப்பட்டவரா?" என் கையில் ரொட்டித் துண்டு, விரலெல்லாம் கட்டச்சம்பல். "அப்படி எதிர்நோக்கி இருக்கிறேன்" என்றேன். "எதிர்நோக்கினால் போதாது சேர், தெரிந்திருக்க வேண்டும்." அறையில் ஒருவர் வாயும் அசையவில்லை. கடைசியில் ஒரு முஸ்லிம் ஆசிரியைதான் இடமாற்றப் பட்டியலைப் பற்றிப் பேச்செடுத்து என்னைக் காப்பாற்றினார்.

அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். 1547இல் எங்கள் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம், இறைவனின் இரக்கத்தையோ கிறிஸ்துவின் பேறுபலன்களையோ சந்தேகிக்கச் சொல்லவில்லை. சந்தேகிக்கக் கூடாது என்றே சொல்கிறது. தன் பலவீனத்தைப் பார்க்கிறவன் தன்னைக் குறித்து அஞ்சலாம், அவ்வளவுதான். "அச்சத்தோடும் நடுக்கத்தோடும்" என்று பிலிப்பியருக்கு எழுதியவர் பவுல், நான் அல்ல.

மஸ்கெலியா தப்புக்காரர் மகன்

உங்கள் இருவருக்கும் இது பிறப்பிலேயே வந்தது. நான் பெரியவனான பிறகு ஞானஸ்நானம் எடுத்தவன்.

எங்கள் தோட்டத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கு அப்பாதான் தப்பு என்ற பறையை அடிப்பார். அந்த மாசியில் அவருக்குத் தோள் வலி. "தப்பைத் தூக்கிக்கொண்டு வா, அது போதும்" என்றார். போகக்கூடாது என்று சபையில் இரண்டு பேர் சொன்னார்கள். போனேன். வைக்கோலைக் கொளுத்தித் தோலைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். அப்பா குச்சியால் தட்டிப் பார்த்து, "இன்னும் காயட்டும்" என்றார். பூசாரி திருநீற்றுத் தட்டோடு வரிசையாக வந்து என் முன்னால் நின்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பா தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "அவனுக்கு வேண்டாம் சாமி. அவன் ஏசுவுடைய ஆள்."

பூசாரி அடுத்த ஆளிடம் போய்விட்டார். என் சபையில்கூட என்னைப் பற்றி இவ்வளவு நிச்சயமாக யாரும் சொன்னதில்லை.

உபதேசியார் பேரன், நுவரெலியா

அன்பானவர்களே, என் அனுபவம் சிறியது. மண்சரிவு எச்சரிக்கை வந்த இரவு பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்தோம். ஜெபிக்கச் சொன்னார்கள். என் குரல் நடுங்கியது, மனம் நடுங்கவில்லை. அவ்வளவுதான்.

மஸ்கெலியாத் தம்பிக்கு: அப்பாவின் அன்பு பெரியது. ஆனால் அந்த இடத்துக்கு இனிப் போகாதீர்கள். விக்கிரகப் படையலைப் பற்றிப் பேசும் முதலாம் கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களை முழங்காலில் நின்று வாசியுங்கள். பலவீனமான சகோதரன் பார்த்தால் என்ன நினைப்பான்?

ஆசிரியருக்கு: பிலிப்பியர் இரண்டில் 12ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டீர்கள். 13ஆம் வசனம் நம்மில் கிரியை செய்கிறவர் தேவன் என்கிறது. யோவான் தன் முதலாம் நிருபத்தை எழுதியதே, நித்தியஜீவன் நமக்கு உண்டென்று நாம் அறியும்படிக்குத்தான் (5:13). மெதடிஸ்த சபைக்கு வித்திட்ட ஜான் வெஸ்லியைப் பாருங்கள். குருவானவராகி, ஜார்ஜியா வரை ஊழியத்துக்குப் போய்வந்த மனிதர். நிச்சயம் கிடைத்தது அதற்கெல்லாம் பிறகு, 1738 மே 24 அன்று, லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில். ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகும் அவருக்குக் கலக்கங்கள் வந்தன. ஆகவே உணர்ச்சியைத் தேடாதீர்கள். காலையில் எழுந்ததும் ரோமர் 8 வாசியுங்கள். பாவம் செய்த அன்றே அறிக்கை செய்யுங்கள், ஞாயிறுவரை வைத்திருக்காதீர்கள். சபை ஐக்கியத்தை விடாதீர்கள். கைப்பேசியில் பிரசங்கம் கேட்பதைக் குறையுங்கள், ஒருவர் நிச்சயம் உண்டு என்பார், அடுத்தவர் மறுதலித்துப் போனவர்களைப் பற்றிய எபிரெயர் ஆறாம் அதிகாரத்தைக் காட்டிப் பயமுறுத்துவார். வியாதிப்பட்டவர்களைப் போய்ப் பாருங்கள். பேத்தியும் சித்தி மகனை மன்னித்துவிட வேண்டும், கசப்பான வேர்…

தலவாக்கலைப் பேத்தி

ஐயா, கோபிக்க வேண்டாம், ஆலோசனை நான் கேட்கவில்லை. சித்தி மகன்தான் பெட்டியைத் தூக்கினான், மழையில் கல்லறைமேடு வரை தோள் மாற்றவில்லை. அவன்மேல் எனக்குப் பகையில்லை. அம்மாயியைக் கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமல் போனானே என்பதுதான்.

மஸ்கெலியா தப்புக்காரர் மகன்

பலவீனமான சகோதரனைப் பற்றிக் கேட்டீர்கள் ஐயா. பலவீனமான தகப்பனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தோள் வலி இருந்தால் அடுத்த மாசியும் தூக்குவேன். திருநீறு வாங்கமாட்டேன், அது பூசாரிக்கே தெரியும்.

பண்டாரவளை ஆசிரியர்

வெஸ்லியைச் சொன்னதால் ஒன்று. 1999இல் லூத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதே விஷயத்தில் கூட்டுப் பிரகடனம் செய்தன: நாம் ஏற்றுக்கொள்ளப்படுவது அருளினால்தான், நம் தகுதியினால் அல்ல. 2006இல் மெதடிஸ்தர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். உங்கள் சபையார்தானே? அந்தப் பிரகடனத்தில் நிச்சயம் பற்றியும் ஒரு பகுதி உண்டு. வாசித்துவிட்டு வாருங்கள், 13ஆம் வசனத்தைப் பிறகு பார்ப்போம்.

ஹப்புத்தளை ஞாயிறு பள்ளி

பெரியவர்கள் சண்டை ஓயட்டும் என்றுதான் காத்திருந்தேன். என்னிடம் கேட்டது ஒரு சின்னப் பையன். சிலுவையில் தொங்கிய கள்வன் கதை நடத்திக்கொண்டிருந்தேன், "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற இடம். கையைத் தூக்கினான். "டீச்சர், கள்ளன் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, கோயிலுக்கும் வரவில்லை, காணிக்கையும் போடவில்லை. ஒரு வார்த்தைதானே கேட்டான்?" ஆமாம் என்றேன். "எங்கள் தாத்தா குடிப்பார். சாகும்போது ஏசப்பா என்று ஒரு தடவை சொன்னார், நான் கேட்டேன். அம்மா அது வலியில் சொன்னது என்கிறார்." மற்றப் பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கள்வனும் வலியில்தான் சொன்னான் என்றேன். அடுத்த ஞாயிறு அவனுடைய அம்மா என்னைப் பார்க்க வருகிறாராம். குடிகாரருக்குச் சலுகை கொடுக்கிறாய் என்று குருவானவரிடமும் சொல்லியிருக்கிறார். உபதேசியார் பேரனே, இதற்கு ஆலோசனை இருந்தால் சொல்லுங்கள். சுருக்கமாக.