விடுப்பில் வரும் பெரியவன் சீருடையும் சின்னவன் ஜெர்சியும் ஒரே மெஷினில்: எதை எப்படிப் பிரித்துத் துவைப்பது?

இரண்டுபையன்அம்மா கேட்டது:

பெரியவன் ராணுவத்தில் இருக்கான். விடுப்பில் வந்தா சீருடை, பூட்ஸ், சாக்ஸ் எல்லாம் ஒரே மூட்டையா வந்து இறங்கும். சின்னவனுக்குப் பதினாறு வயசு, முகப்பருவுக்குக் களிம்பு போடுறான். அவன் துணி எப்பவுமே ஒரு குவியலாத்தான் கிடக்கும். வீட்டில் இருப்பது ஒரே வாஷிங் மெஷின்.

சீருடைச் சட்டையோட காலரிலும் தோளிலும் வெளிறின ஆரஞ்சுத் திட்டு விழுந்திருக்கு. வீட்டில் ப்ளீச்சே வாங்குறதில்லை, பிறகு எப்படி வந்தது? சின்னவன் விளையாட்டு ஜெர்சி மடிக்கும்போது ஒரு வாடையும் இல்லை, போட்டுக்கிட்டுப் பத்து நிமிஷம் ஓடினா நாறுது. சீருடைக்குன்னு தனி சோப்பு வேணுமா, கஞ்சி போட்டு விறைப்பா தேய்க்கலாமா? கடைசியா, பெரியவனோட பழைய பூட்ஸ் ஒரு ஜோடி அலமாரியில் சும்மா இருக்கு. சின்னவனுக்கு இப்ப அந்த அளவு சரியா இருக்கும். போடக் கொடுக்கலாமா?

சலவைக்கல் பதில்:

திட்டுக்குக் காரணம் பெரும்பாலும் உங்க சின்னவனோட முகப்பரு களிம்புதான். ட்யூபை எடுத்துப் பாருங்க, ‘பென்சாயில் பெராக்சைடு’ன்னு போட்டிருந்தா சந்தேகமே வேண்டாம். அது தோலில் கிருமியைக் கொல்லும், சாயம் போட்ட துணியில் சாயத்தையும் தின்னும். கறுப்பும் பச்சையும் ஆரஞ்சாவோ வெளிர் மஞ்சளாவோ மாறுவது அதோட அடையாளம்.

சீருடைக்கு அது போய்ச் சேருற வழி துண்டுதான். முகத்தில் மிச்சமிருக்கிற களிம்பு துண்டில் ஒட்டும். அந்த ஈரத் துண்டைச் சுருட்டிக் குவியல் மேல போட்டா, கீழே இருக்கிற சட்டையில் ராத்திரி முழுக்க வேலை நடக்கும். ஈரமும் சூடும் சேர்ந்தா இன்னும் வேகம். கழுவாத கையால் அண்ணன் சட்டையை எடுத்து மாட்டினாலும் அதே கதி, விரல் பட்ட இடமெல்லாம் திட்டு.

இது கறையில்லை, சாயம் போன இடம். எந்தக் கறைநீக்கியும் அதைத் திருப்பித் தராது, தேய்க்கத் தேய்க்க நூல்தான் நையும். இனி வராம இருக்கத்தான் வழி பார்க்கணும். சின்னவனோட முகத்துண்டு, தலையணை உறை ரெண்டையும் தூய வெள்ளைக்கு மாத்துங்க, வெள்ளையில் போறதுக்குச் சாயமே இல்லை. களிம்பு தடவினதும் கையைச் சோப்பு போட்டுக் கழுவணும். முகத்தில் அது முழுக்கக் காய்ந்த பிறகுதான் சட்டையைத் தலைவழியா மாட்டணும். முதுகில் தடவினா வெள்ளை பனியன், மறுநாள் காலை குளியல்.

ஒரு கூடுதல் தகவல்: 2.5 சதவீதக் களிம்பும் 10 சதவீதக் களிம்பு அளவுக்கே வேலை செய்யும், எரிச்சலும் உலர்வும் குறைவு. மருத்துவர் எழுதிக் கொடுத்ததா இருந்தா அவரைக் கேட்காம மாத்தாதீங்க.

நூலிழை பதில்:

சீருடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இதில்தான் வீட்டில் அதிகம் கெடுத்துவிடுகிறார்கள், அதுவும் அக்கறையால்.

கஞ்சி வேண்டாம். களச்சீருடைத் துணி காற்று போக, வியர்வை வெளியேற என்று நெய்யப்பட்டது. கஞ்சி அந்த இடைவெளியை அடைத்துவிடும். விறைத்த மடிப்பில் திரும்பத் திரும்ப இஸ்திரி ஓடும்போது நூல் அந்தக் கோட்டிலேயே வெட்டுப்படும். அணிவகுப்புக்கான சீருடை வேறு, அதற்குத் தனி விதி உண்டு. மகனிடமே கேளுங்கள்.

சோப்பு விஷயம் இன்னும் முக்கியம். கடையில் கிடைக்கும் பல சலவைத்தூள்களில் ‘ஆப்டிகல் பிரைட்னர்’ என்ற பொருள் சேர்க்கிறார்கள். அது அழுக்கை நீக்காது. துணியில் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடும். வெள்ளைத் துணி பளிச்சென்று தெரிவது அதனால்தான். சுற்றுப்புறத்தோடு கலந்து மறையவேண்டிய சீருடைக்கு அந்தப் பளிச்சு எதிரி. களச்சீருடையின் சாயங்கள், இரவில் பார்க்கும் கருவிகளின் அகச்சிவப்புப் பார்வையிலும் இலைதழையோடு ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. அதன்மேல் எந்தப் பூச்சும் ஏறக்கூடாது.

உங்கள் தூளில் பிரைட்னர் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பணத்தாள் சரிபார்க்கும் சின்னப் புற ஊதா டார்ச் போதும். இருட்டறையில் ஒரு சிட்டிகை தூளின் மேல் அடியுங்கள். நீலமாக ஒளிர்ந்தால் அந்தத் தூள் சீருடைக்கு ஆகாது. அதே டார்ச்சைத் துவைத்த சீருடை மேலும் அடித்துப் பாருங்கள். ஏற்கெனவே ஏறியிருந்தால், பிரைட்னர் இல்லாத சோப்பில் பல முறை துவைக்கும்போது ஓரளவு குறையும், முழுக்கப் போகாது. நிறத்துணிக்கென்று விற்கும் திரவ சோப்புகள் சிலவற்றில் இது இருக்காது. லேபிளைப் படித்துவிட்டு டார்ச்சையும் அடித்துவிடுங்கள்.

துவைக்கும் முறை: சேறு காய்ந்த பிறகு பிரஷ்ஷால் உதறுங்கள். ஈரச் சேற்றைத் தேய்த்தால் நெசவுக்குள் இறங்கிவிடும். வெல்க்ரோவில் ஒட்டும் பெயர்ப்பட்டை, அடையாளப்பட்டைகளைக் கழற்றிவிட்டு வெல்க்ரோவை மூடுங்கள். திறந்த வெல்க்ரோ ஜெர்சியைப் பிராண்டி நூலை இழுக்கும், துணிப்பஞ்சு அடைத்து அதுவும் ஒட்டாமல் போகும். ஜிப்பை மூடி, உட்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், மென்மையான சுழற்சியில் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். சாஃப்ட்னர், குளோரின் ப்ளீச், ஆக்சிஜன் ப்ளீச் மூன்றும் வேண்டாம். ஆயுத எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, பத்து நிமிடம், பிறகு துவைப்பு. கறை போனதா என்று பார்க்காமல் இஸ்திரிப்பெட்டியை வைக்காதீர்கள், சூடு பட்டால் எண்ணெய் நிலைத்துவிடும். ரத்தக்கறைக்கு எப்போதும் குளிர்ந்த தண்ணீர்தான்.

உள் லேபிளில் ‘பெர்மெத்ரின்’ என்று இருந்தால் அது கொசு, உண்ணி விரட்டும் மருந்து ஏற்றிய துணி. அதைத் தனியாகத்தான் துவைக்கவேண்டும், உலர்சலவைக்கு (டிரை கிளீனிங்) கொடுத்தால் மருந்து போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் அந்தத் தண்ணீரை வாளியில் விட்டுவைக்காதீர்கள். பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். மீன்தொட்டிப் பக்கமும் கொண்டுபோகவேண்டாம்.

வியர்வைத்துளி பதில்:

ஜெர்சிக்கு வரேன். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, ஆனா உடம்பு எண்ணெயை விடாமப் பிடிச்சுக்கும். அந்த எண்ணெயில் பாக்டீரியா குடியிருக்கும். சாதாரணத் துவைப்பில் மேல்வாடை போயிடும், உள்ளே எண்ணெய்ப் படலம் அப்படியே இருக்கும். உடம்புச் சூடும் புது வியர்வையும் பட்டதும் பழைய நாற்றம் கிளம்பிடும். உங்க பத்து நிமிஷக் கணக்கு இதுதான்.

வாசனை திரவமும் சாஃப்ட்னரும் இதை மோசமாக்கும். சாஃப்ட்னர் நூல்மேல மெழுகு மாதிரி ஒரு படலம் போடும், அதுக்குப் பிறகு சோப்பு எண்ணெயைத் தொடவே முடியாது. சோப்பை அள்ளிப் போடுறதும் தப்பு. அலசலில் போகாத சோப்பும் படிஞ்சு பாக்டீரியாவுக்குத் தீனியாயிடும்.

சின்னவன் வந்ததும் ஜெர்சியைப் பைக்குள்ள கசக்கி வைக்காம கொடியில் போடணும். மத்த எல்லாத்தையும்விட இதுதான் பெரிய வித்தியாசம் தரும். ஏற்கெனவே நாற்றம் ஏறினதுக்கு: உட்புறம் வெளியே திருப்பி, ஒரு பங்கு வெள்ளை வினிகர், நாலு பங்கு தண்ணீர், வாளியில் அரைமணி நேரம். அதுக்கு மேல வேண்டாம், எலாஸ்டிக் கெடும். அலசிட்டு, எண்ணெயை உடைக்கிற லிப்பேஸ் என்சைம் இருக்கிற சலவைத்தூளில் 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டுத் துவைங்க. கொதிக்கிற தண்ணீர் ஊத்தினா என்சைம் செத்துடும்.

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒண்ணாக் கலக்கச் சொல்லிப் பல வீடியோ வரும். ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு நுரைதான் மிச்சம். வினிகரோட குளோரின் ப்ளீச்சைக் கலந்தா விஷவாயு. விளையாட்டில்லை.

இரண்டுபையன்அம்மா:

ட்யூபைப் பார்த்தேன், பென்சாயில் பெராக்சைடு 5 சதவீதம்தான். எல்லாருக்கும் நன்றி. விடுப்பு நாளு குறைவு, ஒரே நாளில் எல்லாத்தையும் முடிக்கணும்னா மெஷினில் எதை முதலில் போடுறது?

சலவைக்கல் பதில்:

சீருடை முதலில், கடைசியில் சின்னவன் துண்டு. வாளியில் ஜெர்சியை ஊறப் போட்டுட்டு ஆரம்பிங்க. மெஷினோட சோப்பு அறையைக் கழற்றிக் கழுவுங்க, போன தடவை ஊத்தின சாஃப்ட்னரும் தூளும் அங்கேதான் ஒட்டியிருக்கும். டிரம்மில் துணி போட்ட பிறகு மேலே ஒரு கை நுழையுற இடம் இருக்கணும். அடைச்சா அலசல் சரியா நடக்காது.

சீருடை குளிர்ந்த தண்ணீரில். அடுத்தது ஜெர்சி, 40 டிகிரி. கடைசியா வெள்ளைத் துண்டு, தலையணை உறை, வெள்ளைப் பருத்தி சாக்ஸ், 60 டிகிரி, ஒரு கரண்டி சோடியம் பெர்கார்பனேட்டோட (ஆக்சிஜன் ப்ளீச் தூள், வெள்ளைக்கு மட்டும்). துண்டை உள்ளே போடறதுக்கு முன்னாடி குழாயில் ஒரு தடவை அலசிட்டா களிம்பு மிச்சம் மெஷினுக்குள்ள போறது குறையும். இந்தச் சூடான சுற்றே டிரம்மையும் சுத்தம் பண்ணிடும். பெர்கார்பனேட்டைத் தண்ணீரில் கரைச்சு மூடின பாட்டிலில் வைக்காதீங்க, வாயு சேர்ந்து வெடிக்கும்.

‘குயிக்’ புரோகிராம் சீருடைக்குப் பரவாயில்லை. துண்டுக்கு ஆகாது.

தோல்வார் பதில்:

பூட்ஸ் கேள்வி அப்படியே நிக்குது. கொடுக்காதீங்க, ரெண்டு காரணம்.

பல பூட்ஸில் நடு அடிப்பாகம் பாலியூரித்தேன்ங்கிற நுரை பிளாஸ்டிக். போட்டாலும் போடாட்டியும் காற்றில் இருக்கிற ஈரம் அதை மெல்ல மெல்ல உடைக்கும். வருஷக்கணக்கில் அலமாரியில் இருந்த ஜோடி வெளியே புதுசு மாதிரி இருக்கும், நாலு எட்டு வச்சதும் அடி பொடிப்பொடியா உதிரும். கட்டைவிரலால் குதிகால் பக்கத்தை அழுத்திப் பாருங்க. வெடிப்பு தெரிஞ்சாலோ, பிசுபிசுன்னு ஒட்டினாலோ, மாவா வந்தாலோ முடிஞ்சது.

ரெண்டாவது, விரலிடுக்குப் பூஞ்சை. நாள் முழுக்கப் பூட்ஸில் இருக்கிற கால்களில் இது சகஜம், பதின்ம வயசுப் பையன் காலும் வேர்க்கும். உள்ளங்கால் வளைவும் ஆளுக்கு ஆள் வேற. அண்ணன் கால் பதிச்ச குழியில் தம்பி கால் சரியா உட்காராது.

ரெண்டு பேர் சாக்ஸையும் கலக்காதீங்க. பூஞ்சை சாக 60 டிகிரி வேணும், வெதுவெதுப்புத் தண்ணீரில் அது தப்பிச்சுக்கும். கம்பளி சாக்ஸ் 60-ல் சுருங்கிடும். அரிப்பு இருக்கிற வரைக்கும் பருத்தி சாக்ஸ் போடச் சொல்லுங்க, தினமும் மாத்தணும். தம்பிக்கும் தொத்தியிருந்தா, உள்ளாடை போடுறதுக்கு முன்னாடி சாக்ஸ் போட்டுக்கணும். இல்லாட்டி காலிலிருந்து தொடையிடுக்குக்கு ஏறும். பூஞ்சைக்குப் போடுற களிம்பை அரிப்பு நின்னதும் நிறுத்தக்கூடாது, சொன்ன நாள் வரைக்கும் போடணும்.

பெரியவன் கொண்டுவந்த ஜோடிக்கு: இன்சோலை வெளியே எடுங்க, கயிற்றைத் தளர்த்தி நாக்கை முழுசா விரிச்சு, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணிங்க. மணிக்கொரு தரம் தாளை மாத்தினா ஈரம் சீக்கிரம் இறங்கும். வெயிலிலும் ஹீட்டர் பக்கத்திலும் வச்சா தோல் வெடிக்கும், பசை விடும். சொரசொரப்பான தோலா இருந்தா பிரஷ் மட்டும், பாலிஷ் தொடவே கூடாது. வழவழப்பா இருந்தா ஈரத்துணியில் துடைச்சுக் காயவிட்டு மெல்லிசா ஒரு பூச்சு.

கொடிக்கயிறு பதில்:

யாரும் சொல்லலை, பாக்கெட்! சீருடையில் கையிலும் தொடையிலும்கூட பாக்கெட் உண்டு. பேனா, அடையாள அட்டை, மடிச்ச தாள் கிடைக்கும். தோட்டா மாதிரியோ என்னன்னு தெரியாத உலோகப் பொருளோ இருந்தா மெஷினும் வேண்டாம், தட்டிப் பார்க்கவும் வேண்டாம். அப்படியே விட்டுட்டு மகனைக் கூப்பிடுங்க, அவன் இல்லைன்னா அவன் படைப்பிரிவுக்கோ காவல்துறைக்கோ சொல்லுங்க. சின்னவன் பாக்கெட்டில் சூயிங்கமும் இயர்போனும். கம் ஒட்டின துணியை ஃப்ரீசரில் ரெண்டு மணி நேரம் வச்சா சுரண்டி எடுத்துடலாம். டிஷ்யூ தாள் ஒண்ணு தப்பினாலும் கறுப்புத் துணி முழுக்க வெள்ளைப் பொடி.

சீருடையைத் தெருவைப் பார்த்த கொடியில் போடாதீங்க, உள்பக்கமா போடுங்க. ராணுவ வீரர் விடுப்பில் வந்திருக்கார்னு தெருவுக்கே அறிவிக்க வேண்டாம். பெயர்ப்பட்டை, பிரிவு அடையாளம் தெரியுற மாதிரி சின்னவன் போட்டோ எடுத்து இணையத்தில் போடாம பார்த்துக்கோங்க. அண்ணன் சட்டையை மாட்டிக்கிட்டு வெளியே கிளம்பவும் விடாதீங்க, படையில் இல்லாதவங்க சீருடை போடுறது பல நாடுகளில் குற்றம்.