15,000 ரூபாய்க்குள்ள அனலாக் மிக்ஸர், நாதஸ்வரம் தவில் ரெக்கார்ட் பண்ண எது வாங்கலாம்?

அரசலாத்துக்கரை:
வணக்கம், நமக்கு கும்பகோணம் பக்கம். சித்தப்பா நாதஸ்வரம், அவரு பையன் தவில். ஆடியில முகூர்த்தம் கிடையாது, ரெண்டு பேரும் வீட்லதான் இருப்பாங்க, அதுக்குள்ள மாடி ரூம்ல உக்கார வச்சு ஒரு மல்லாரி, நாலஞ்சு கீர்த்தனை ரெக்கார்ட் பண்ணிடணும்னு ஆசை. லேப்டாப்ல ரீப்பர்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் போட்டாச்சு. எஸ்எம்57 மைக் ரெண்டு, எஸ்எம்58 மைக் ஒன்னு கைல இருக்கு. பெஹ்ரிங்கர் க்யூ802யூஎஸ்பி வாங்கவா யமஹா எம்ஜி10எக்ஸ்யூ வாங்கவான்னு குழப்பம், ரெண்டாவது பட்ஜெட்ட கொஞ்சம் தாண்டுனா பரவால்ல. மிக்ஸர்ல எத்தனை சேனல் இருக்கோ அத்தனை ட்ராக் தனித்தனியா லேப்டாப்ல விழும்ல?

மைக்செட் மாப்ள:
விழாது ப்ரோ, எல்லாரும் ஏமாறுற இடமே இதான். எம்ஜி10-னு பேர்ல பத்து இருக்கும், ஆனா யூஎஸ்பி வழியா போறது ஸ்டீரியோ மிக்ஸ் மட்டும்தான், அதாவது லெஃப்ட் ஒன்னு ரைட் ஒன்னு. தவில் சத்தம் தூக்கலா போச்சுன்னா அப்புறம் தனியா குறைக்க வழியில்ல. க்யூ802-லயும் அதே கதைதான், அதுல மைக் ப்ரீஆம்பே (மைக் சத்தத்த தூக்கிக் குடுக்குற பகுதி) ரெண்டுதான், உங்க மூணு மைக்குக்கு பத்தாது. எம்ஜி10-ல நாலு இருக்கு. அதுல ஒரு வேலை பண்ணலாம்: நாதஸ்வர சேனலோட பேன் குமிழ (சத்தத்த இடது, வலதுன்னு பிரிக்கிறது) முழுசா இடது பக்கம் திருப்புங்க, தவிலோட ரெண்டு முகத்துக்கும் வைக்கிற வலந்தலை மைக், தொப்பி மைக் ரெண்டையும் முழுசா வலது பக்கம். ரீப்பர்ல ரெண்டு மோனோ ட்ராக்கா எடுத்துக்கிட்டா நாதஸ்வரம் தனி தவில் தனி. சுருதிப் பொட்டிய அப்ப விடாதீங்க, பின்னாடி சேத்துக்கலாம், வாசிக்கிறவங்க ஹெட்போன்ல மட்டும் கேட்டா போதும்.

வெண்ணாறு:
இவ்ளோ சுத்தி வளைக்கிறதுக்கு பேசாம நாலு இன்புட் இண்டர்ஃபேஸ் (மைக்க நேரா லேப்டாப்ல கோக்குற பெட்டி) வாங்கிடலாமே. பெஹ்ரிங்கர் யூஎம்சி404எச்டி-ல நாலு மைக் ப்ரீஆம்ப், நாலும் தனித்தனி ட்ராக்கா விழும். வீட்ல ரெக்கார்டிங் மட்டும்தான்னா மிக்ஸரே தேவையில்லைங்கிறது என் கட்சி. மிக்ஸர்லயே எல்லா சேனலும் தனியா போற மாடல் இருக்கு, சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே மாதிரி, ஆனா அது இந்தக் காசுக்கு வராது.

அரசலாத்துக்கரை:
அண்ணே, கோயில் உற்சவத்துக்கும் சின்னதா ஒரு செட் போடுற ஐடியா இருக்கு, அதான் மிக்ஸர்னே நின்னேன்.

வெண்ணாறு:
அத மொதல்ல சொல்லியிருக்கலாம்ல 😄 அப்ப எம்ஜி10எக்ஸ்யூவே வாங்கு தம்பி. எக்ஸ்யூன்னு பாத்து வாங்கு, வெறும் எம்ஜி10-ல யூஎஸ்பியும் கிடையாது எஃபெக்ட்ஸும் கிடையாது. அப்புறம் அந்த 9/10 சேனல்ல டூ மான் (கேக்குறதுக்கு மட்டும்), டூ எஸ்டி (மெயின் மிக்ஸுக்கு)ன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், முன்னாடி எடுத்த ட்ராக்க கேட்டுக்கிட்டே மேல ரெக்கார்ட் பண்ணும்போது அது மான் பக்கம் இருக்கணும், இல்லன்னா பழைய சத்தமும் திரும்பப் புது ட்ராக்ல ஏறிடும்.

நரசிங்கம்பேட்டை ரசிகன்:
மிக்ஸர் எதுன்னாலும் சரி, ரூம பத்தி யாருமே பேசலையே. நாதஸ்வரம் வெட்டவெளி வாத்தியம், காங்க்ரீட் மாடி ரூம்ல வாசிச்சா சுவத்துல அடிச்சு எல்லா மைக்லயும் விழும், அதுலயும் பக்கத்துல தவில் வேற. பேன் பண்ணாலும் ஒன்னு இன்னொன்னுல கசியத்தான் செய்யும். கோரைப்பாய், மெத்தை, பழைய போர்வைன்னு கிடைக்கிறத எல்லாம் சுவரோரம் நிறுத்துங்க. மைக்க அணசுக்கு (நாதஸ்வரத்தோட விரிஞ்ச முனை) நேரா வைக்காதீங்க, ரெண்டு மூணு அடி தள்ளி கொஞ்சம் பக்கவாட்டுல வச்சா விரல் போற துளைகள்லேந்து வர்ற நாதமும் சேந்து கிடைக்கும். கெயின் (மைக் சத்தத்த எவ்ளோ தூக்கணும்ங்கிற அளவு) வைக்கிறதுக்கு முன்னாடி சித்தப்பாவ மேல் ஸ்தாயில முழு மூச்சா ஊதச் சொல்லுங்க, அப்பவும் சிவப்பு லைட் எரியக் கூடாது. கெயின குறைச்சும் எரிஞ்சா, சத்தத்த குறைக்கிற பேட் சுவிட்ச அமுக்குங்க.

மைக்செட் மாப்ள:
கரெக்ட். இன்னொன்னு, "ம்ம்ம்"னு ஹம் வந்தா மொதல்ல லேப்டாப் சார்ஜர கழட்டிட்டு பேட்டரில ஓட்டிப் பாருங்க, பாதி நேரம் அதுதான் காரணம். மிக்ஸரையும் லேப்டாப்பையும் ஒரே எர்த் உள்ள பிளக் போர்டுல மாட்டுங்க. ஹம் போகுதுன்னு சொல்லி எர்த் பின்ன மட்டும் யாரும் பிடுங்கிறாதீங்க, ஷாக் அடிக்கும். கரண்ட் போனா ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ரெக்கார்ட் பண்ண வேணாம், அந்த இரைச்சல எடுக்கவே முடியாது, கரண்ட் வர்ற வரைக்கும் காபி குடிக்கலாம்.