ஃபைட்டிங் கேம்ல கட்டை போடுறவங்ககிட்ட மாட்டின அனுபவம் இருந்தா சொல்லுங்க

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ரேங்க்ட் மேட்ச்ல நேத்து கைல்ங்கிற கேரக்டரை ஆடுற ஒருத்தர் வந்தார். நான் நடந்தா சோனிக் பூம் (தூரத்துல இருந்து எறியற அடி), குதிச்சா ஃபிளாஷ் கிக் (மேல வர்றவங்களை வீழ்த்துற உதை). என்னைவிட லைஃப் கொஞ்சம் கூடினதும் அவ்வளவுதான், 99 செகண்டும் ஓடி முடியற வரைக்கும் உட்கார்ந்தே இருந்தார். டெஸ்ட் மேட்ச்ல டிராவுக்குக் கட்டை போடுறவங்க தோத்தாங்க. இதுல என்ன சுகமோ!

*

நான் அந்தப் பக்கத்து ஆள், நண்பா. கைல்தான் ஆடுறேன், திட்டும் நிறைய வாங்கியிருக்கேன். பின்னாடி-கீழே அழுத்திப் பிடிச்சா பூம், ஃபிளாஷ் கிக் ரெண்டுக்கும் சார்ஜ் (அந்த மூவ் போடத் தேவையான தயாரிப்பு) ஏறும், அதே நேரம் பிளாக்கும் ஆகும். முன்னால ஒரு அடி வெச்சா சார்ஜ் போச்சு. அப்புறம் எதுக்கு நடக்கணும்? நீங்க பொறுமை இழந்து குதிக்கிறதுக்குத்தான் உட்கார்ந்திருக்கோம். பெரும்பாலும் குதிச்சிடுறீங்க.

என்னைக் கதற விட்டது ஸாங்கீஃப்ங்கிற மல்யுத்த கேரக்டரை ஆடின ஒருத்தர். மனுஷன் குதிக்கவே இல்ல. பூம் வந்தா டிரைவ் பாரி (பட்டன் அழுத்தி அடியைத் தடுத்து விடுறது), ரெண்டு அடி நடை, மறுபடி பாரி. பாரி விழ விழ அவரோட டிரைவ் கேஜ் (லைஃபுக்குக் கீழ இருக்கற சக்தி மீட்டர்) ஏறுது. மூலைக்குத் தள்ளினதும் என் கதை தலைகீழ். பிளாக் பண்ணப் பண்ண என் டிரைவ் கேஜ் கரைஞ்சு பர்ன்அவுட், அதாவது கேஜ் மொத்தமா காலி. அந்த நிலைமையில டிரைவ் இம்பாக்ட்ங்கிற பலமான அடியை பிளாக் பண்ணினாலும் சுவத்துல மோதி ஸ்டன், கொஞ்ச நேரம் எதுவும் செய்ய முடியாது. அதுக்குப் பயந்து குனிஞ்சு உட்கார்ந்தா ஸ்க்ரூ பைல்டிரைவர்ங்கிற பிடிச்சுத் தூக்கி அடிக்கிற மூவ், அதை பிளாக்கே பண்ண முடியாது. கோபமே வரல, அவ்வளவு அழகான ஆட்டம்.

*

2004 ஈவோ (ஃபைட்டிங் கேம் போட்டி) கிளிப்பை எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஸ்ட்ரீட் ஃபைட்டர் III: தேர்ட் ஸ்ட்ரைக்ல டைகோ உமேஹரா ஆடின கென்னுக்கு உயிர் நூலிழை. ஜஸ்டின் வாங் ஆடின சுன்-லியோட சூப்பரை (பல அடிகள் கொண்ட பெரிய மூவ்) பிளாக் பண்ணினாலே சிப் டேமேஜ்ல (பிளாக் பண்ணியும் விழற சின்ன சேதம்) ஆட்டம் முடிஞ்சிருக்கும். டைகோ 15 அடியையும் பாரி பண்ணித் திருப்பி அடிச்சார். அந்த கேம்ல பாரி பண்ண முன்பக்கம் தட்டணும், பிளாக்குக்கு நேர் எதிர். ஆனா அவரை அந்த மூச்சுமுட்டலுக்குக் கொண்டுவந்தது ஜஸ்டினோட பொறுமை. அதை யாரும் பேசறதில்ல, எனக்கு அதுதான் வருத்தம்.

*

சரி, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ல கைலுக்கு எதிரா பாரி பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே நடுவுல நின்னா போதுமா?

*

வேண்டாம் நண்பா. அதைப் பார்த்தா கைல் ஆடுற நான் ஓடி வந்து த்ரோ போடுவேன் (பிடிச்சு வீசுவேன்), டேமேஜும் கூடுதலா விழும். பூம் வர்ற நேரத்துக்கு மட்டும் தட்டிட்டு விடுங்க.