கைவிட்ட கல்குவாரி: மூடுவதா, பறவைகளுக்கு விடுவதா?

பாறைக்குழி:
எங்கள் ஊர் (செங்கல்பட்டு மாவட்டம்) புறம்போக்கில் ஒரு கல்குவாரி, குத்தகை முடிந்து எட்டு வருடமாகச் சும்மா கிடக்கிறது. நடுவில் ஆழமான தண்ணீர், சுற்றிலும் சீமைக்கருவேலம், ஒரு ஓரத்தில் ராத்திரியில் கோழிக்கழிவு கொட்டுகிறார்கள். போன வருடம் குளிக்கப் போன பையன் ஒருவன் மூழ்கி இறந்ததிலிருந்து பாதி ஊர் மண்ணடித்து மூடச் சொல்கிறது, மீதி ஊர் மீன் குத்தகைக்கு விடச் சொல்கிறது. ஆனால் விடியற்காலையில் போய் நின்றால் முக்குளிப்பான் குஞ்சுகளோடு மிதந்துகொண்டிருக்கிறது, எனக்கு மூட மனம் வரவில்லை. நாங்கள் ஐந்து பேர், ஆயிரம் மரக்கன்று தருகிறேன் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

கல்லிச்சி:
தம்பி, கன்றை இப்போது வாங்காதீர்கள். பழைய குவாரிச் சுவர் விளிம்புகளில் கொம்பன் ஆந்தை கூடு வைக்கும், மார்கழியிலிருந்து பங்குனி வரை அதற்குக் கூடு வைக்கும் காலம், அப்போது போய்க் குழி தோண்டினால் கூட்டை விட்டே போய்விடும். என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். குர்கானில் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவும் கல் எடுத்த இடம்தான், அங்கேயும் இதே சீமைக்கருவேலம். 2010இலிருந்து மக்கள் குழு ஒன்று ஆரவல்லிக் காடுகளில் விதை பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, அந்த மண்ணுக்குரிய மரங்களையே நட்டார்கள். பிறகு பூங்காவுக்குள் சாலை போடத் திட்டம் வந்தபோது நட்டவர்களே திரண்டு எதிர்த்தார்கள். வெளியாள் நட்டுவிட்டுப் போயிருந்தால் யார் வந்திருப்பார்கள்?

சவுக்குத்தோப்பு:
கென்யாவில் மொம்பாசாவில் சில வருடம் வேலை பார்த்தேன், அங்கே பம்புரி சிமெண்ட் குவாரியை நேரில் பார்த்திருக்கிறேன். வெறும் பவளப்பாறைத் தரை, அடியில் உப்புத்தண்ணீர். 1971இல் ரெனே ஹாலர் என்பவர் 26 வகை மரம் நட்டுப் பார்த்து மூன்றுதான் தேறியதாம், அதில் ஒன்று நம்ம சவுக்கு. ஆனால் உதிர்ந்த சவுக்கு ஊசி மக்கவே இல்லை. கடைசியில் மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார்கள், அவை ஊசியைத் தின்று போட்ட எச்சம்தான் அந்தப் பாறைமேல் மண்ணானது. 1984இல் மக்களுக்குத் திறந்தார்கள். மண்ணை உருவாக்கவே அவ்வளவு வருடம் ஆயிற்று, ஆயிரம் கன்றை ஒரே நாளில் நட்டு என்ன செய்யப்போகிறீர்கள்?

ஏரிக்கரை:
மரம், ஆந்தை எல்லாம் சரி, பிள்ளையைப் பறிகொடுத்த வீடு அந்த ஊரில் இருக்கிறது. முதலில் வேலி, ஆழமான பக்கத்தில். அதற்குக் கிராமசபையில் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்புங்கள், குவாரியால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்று மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது, அதில் கேளுங்கள். மூடச் சொல்பவர்களிடம் 2017 வறட்சியை நினைவுபடுத்துங்கள், மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைத்தான் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தார்கள். அப்புறம் அங்கே ஆடு மேய்ப்பவர்களைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பாறைக்குழி:
எல்லோருக்கும் நன்றி. கன்று தருகிறேன் என்றவரிடம் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று ஆடு மேய்க்கும் அத்தை ஒருவரோடு போனேன், நேராக மேற்குச் சுவருக்குக் கீழே கூட்டிப்போய்ச் சாம்பல் நிறத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஓர் உருண்டையை எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் உள்ளே எலி மண்டையோடு, பல்லோடு அப்படியே. ஆந்தை தின்றுவிட்டுக் கக்கியது. "மூணு வருஷமா இங்கதான் இருக்கு, உங்க யாருக்கும் தெரியாதா?" என்றார். கிராமசபையில் அவரைப் பேசச் சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறார்.