நாழிகை 15
(குடும்பக் குழு, சனிக்கிழமை இரவு)

நான்: அம்மாவின் ஜாதகத்தை ஆப்பில் போட்டேன். ரிஷப லக்னம் (பிறந்த நேரத்தில் கிழக்கில் உதித்த ராசி), பூரம் நட்சத்திரம். ஜூம் ஜோதிட வகுப்பில் எட்டாவது வாரம், கட்டம் போட வந்துவிட்டது! 🥳

கோபி சித்தி: அக்காவுக்கு வெளிநாட்டு யோகம் இருக்கா பார் சாமி

நான்: இருக்குங்க சித்தி. கடல் தாண்டுவாங்க.

அப்புச்சி: கண்ணு, உங்கம்மா மேஷ லக்னம். டிரங்குப் பெட்டி நோட்டைப் படம் எடுத்து அனுப்பினேனே.

நான்: அதைப் பார்த்துத்தானுங்க அப்புச்சி போட்டேன். தை 5, 15 என்று இருந்தது. 15 மணி என்றால் மதியம் 3.

அப்புச்சி: 🎤 0:04

பெரிய மாமா: வாய்ஸில் அப்பா சிரிப்பு மட்டும்தான் இருக்கு 😂

அம்மா: மஞ்சள் வெட்டின ஆளுங்க மத்தியானச் சோத்துக்குக் கரையேறின நேரம் நான் பிறந்தேன் என்று எங்கம்மா சொல்லும். 3 மணி வரைக்கும் யார் பட்டினி கிடப்பாங்க?

அப்புச்சி: அது உதயாதி நாழிகை கண்ணு. சூரிய உதயத்திலிருந்து 15 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஆக 6 மணி நேரம். தையில் நம்ம பக்கம் உதயம் 6.45 வாக்கில். கூட்டிப் பார்.

நான்: 12.45 🤦‍♀️

அப்புச்சி: லக்னம் ஏறக்குறைய 2 மணிக்கு ஒரு ராசி நகரும். நீ இரண்டேகால் மணி தள்ளிவிட்டாய்.

தம்பி: நானும் ஏஐயிடம் 3 மணி என்றே கேட்டேன். அதுவும் ரிஷபம்தான் சொன்னது.

அப்புச்சி: அதுக்கும் யாரும் நாழிகை சொல்லித்தரலை போல.

நான்: நட்சத்திரம் மட்டும் எப்படிங்க சரியா வந்தது?

அப்புச்சி: சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், அதனால் பூரம் பூரமாகவே நின்றது. ஆனால் தசா இருப்பைப் பார், பிறந்தபோது அந்தத் தசையில் மீதியிருந்த காலம். பூரத்துக்கு சுக்கிர தசை, மொத்தம் 20 வருடம். ஒரு நாளின் 60 நாழிகையில் ஐந்தரை நாழிகையைத் தின்றுவிட்டாய், கிட்டத்தட்ட 2 வருடம் காணாமல் போச்சு. ‘கர்ப்பச்செல் போக இருப்பு’, அதாவது பிறக்கும் முன்பே கழிந்தது போக மீதி, என்று நோட்டில் எழுதியிருக்கிறதே, அதைக் கையால் போட்டுப் பழகு. நான் திண்ணையில் உட்கார்ந்து பஞ்சாங்கம் மட்டுமே இரண்டு வருடம் பார்த்தேன்.

நான்: இப்போது நேரத்தைத் திருத்தினேன், மேஷம் வந்துவிட்டது. ஆனால் இருப்பு இன்னும் நோட்டோடு ஒட்டவில்லையே?

அப்புச்சி: நோட்டு வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கு. உன் ஆப் திருக்கணிதப் பஞ்சாங்கக் கணக்காக இருக்கும். வாக்கியத்தில் சந்திரனுக்கு அந்தக் காலத்து வரருசியின் 248 வாக்கியம், மனப்பாடக் கணக்கு. திருக்கணிதம் வானத்தைப் பார்த்துத் திருத்தியது.

பெரிய மாமா: அதனால்தான் சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29 என்று ஒருத்தர், திருநள்ளாற்றில் 2026 மார்ச் 6 என்று இன்னொருத்தரா? நான் இரண்டு தடவை எள் விளக்குப் போட்டேன்.

கோபி சித்தி: அண்ணனுக்கு டபுள் பலன் 🤣

நான்: ஆப்பில் அயனாம்சம் (ராசிச் சக்கரத்தின் தொடக்கத்தைத் திருத்தும் அளவு) எது, லாஹிரியா கேபியா என்று முறையைக் கேட்கிறது. வகுப்பில் லாஹிரியை வைத்துக்கொள் என்றதோடு சரி, ஏன் என்று சொல்லவில்லை.

அப்புச்சி: ஞாயிற்றுக்கிழமை வா. பஞ்சாங்கமும் பென்சிலும் கொண்டு வா, செல்லை வீட்டிலேயே வைத்துவிடு. முதலில் பத்து ஜாதகம் கையால் போடு, அப்புறம் ஆப்பில் சரிபார்.

அம்மா: அப்போ கடல் தாண்டறது?

அப்புச்சி: இன்னும் பார்க்கலை அம்மிணி.

அம்மா: சரி. இறக்கி வைத்த சூட்கேஸை யாராவது பரண் மேலே ஏற்றிவிடுங்க.